பதிப்பு இலக்கம் எதைத் தீர்மானிக்கிறது? கட்டளை வரியில் மென்பொருள் நிறுவப் புதிதாகப் பழகுவோருக்கு

கொழும்பில் நிரலாக்கம் கற்பிக்கும் வகுப்புகளிலும் சிறிய மென்பொருள் அலுவலகங்களிலும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அறிவுரைகள் சம உறுதியோடு சொல்லப்படுகின்றன. எப்போதும் ஆகக் கடைசிப் பதிப்பையே நிறுவ வேண்டும் என்பது ஒன்று. ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாமல் ஒரு பதிப்பிலேயே இறுக்கி வைத்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான எண்ணம்: கட்டளையில் எழுதும், அல்லது எழுதாமல் விடும், அந்த ஓர் இலக்கமே கணினியில் வந்து சேர்வது முழுவதையும் தீர்மானிக்கிறது என்பது. உண்மையில் அந்த இலக்கம் ஒரேயொரு பொதியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதனோடு கூட வருபவை எவை, நாளை அவை மாறுமா, அடுத்த மேசையில் இருப்பவரின் கணினியிலும் அதுவே வருமா என்பதெல்லாம் வேறு இடங்களில் முடிவாகின்றன. அந்த இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் இரண்டு அறிவுரைகளில் எதை எப்போது பின்பற்றுவது என்பதும் தெளிவாகும்.

இக்கட்டுரையில் கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டிருக்கின்றன. கணினியில் அவற்றை வழக்கம்போல ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். குறிகளும் இலக்கங்களும் இங்கே உள்ளபடியே இருக்கும்.

பஞ்சிகாவத்தையில் ஒரு பிரேக் பேட்

வாகன உதிரிப்பாகம் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர் "கொரோலாவுக்குப் பிரேக் பேட் வேண்டும்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் உடனே எடுத்துத் தரமாட்டார். 121 கொரோலாவா, 141 கொரோலாவா என்று கேட்பார். ஐயம் இருந்தால் செசி இலக்கத்தையும் கேட்பார். பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருத்தம் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரியும். சில வேளைகளில் கேட்ட பாகத்தைப் பொருத்துவதற்கு அதனுடன் சேரும் இன்னொரு பாகமும் மாற வேண்டியிருக்கும். சில வேளைகளில் கேட்ட மாதிரி அந்தக் கடையில் இருப்பதே இல்லை.

கட்டளை வரியில் மென்பொருள் நிறுவும்போதும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கடைக்காரர் திருப்பிக் கேட்பார், கணினி கேட்பதில்லை. நாம் சொல்லாமல் விட்டதைத் தன்னிடமுள்ள விதிகளைக்கொண்டு தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே அந்த விதிகளை அறிந்திருக்க வேண்டிய பொறுப்பு நம்மிடம் வருகிறது.

முதலில் சில சொற்கள்

நிறுவத் தயாரான நிலையில் கட்டி வைக்கப்பட்ட மென்பொருளைப் பொதி என்கிறோம். பொதிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இணையச் சேமிப்பிடம் களஞ்சியம். களஞ்சியத்திலிருந்து பொதியை எடுத்து வந்து கணினியில் உரிய இடத்தில் வைக்கும் நிரல் பொதி முகாமைக் கருவி. உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் அது ஆப்ட், பைத்தன் நிரலாக்க மொழிக்குப் பிப், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸுக்கு என்பிஎம். ஒரு பொதி இயங்குவதற்குத் தேவையான இன்னொரு பொதி அதன் சார்பு எனப்படும். சார்புக்கும் சார்புகள் இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும்.

இதில் கருவிக்கும் களஞ்சியத்துக்கும் இடையிலான வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பதிப்பு கிடைக்கவில்லை என்று கருவி சொன்னால், பல சமயங்களில் குறை கருவியில் இல்லை; அது பார்க்கும் களஞ்சியத்தில் அந்தப் பதிப்பு இல்லை.

புள்ளிகள் தசமப் புள்ளிகள் அல்ல

பதிப்பு இலக்கத்தைத் தசம எண்ணாக வாசிப்பதே புதியவர்களை அதிகம் தடுமாற வைக்கிறது. பைத்தன் 3.9 க்கும் பைத்தன் 3.10 க்கும் இடையில் எது புதியது என்று கேட்டால், கணிதம் படித்த கை 3.9 ஐச் சுட்டும். உண்மையில் 3.10 தான் புதியது. அது 2021 ஒக்டோபரில் வெளிவந்தது. புள்ளி இங்கே ஒரு பிரிகோடு மட்டுமே. இடப்பக்கத்தில் 3 உம் 3 உம் சமம். அடுத்த இடத்தில் 10 ஆனது 9 ஐ விடப் பெரியது. ஒவ்வொரு துண்டும் தனி முழு எண்ணாக, இடமிருந்து வலமாக ஒப்பிடப்படுகிறது.

துண்டுகளுக்குப் பொருளும் உண்டு. பலரும் பின்பற்றும் மரபு பொருள்சார் பதிப்பிடல் எனப்படும் விதித்தொகுப்பு. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் நிறுவனர்களுள் ஒருவரான டொம் பிரெஸ்டன்-வெர்னர் அதை எழுதினார். அதன்படி 4.17.21 என்ற இலக்கத்தில் முதல் துண்டு மாறினால் பழைய பயன்பாடு உடையக்கூடும். நடுத்துண்டு மாறினால் புதிய வசதிகள் சேர்ந்திருக்கும், ஆனால் பழையது உடையாது. கடைசித் துண்டு மாறினால் பிழைதிருத்தம் மட்டுமே நடந்திருக்கும். இது பொதியை வெளியிடுபவர் தரும் வாக்குறுதி. கணினியில் தானாகச் சரிபார்க்கப்படும் ஒன்றல்ல. பைத்தன் மொழியே இம்மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை. 2023 இல் வந்த 3.12 இல் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய உட்பகுதி நீக்கப்பட்டபோது, மாறியது நடுத்துண்டு மட்டும்தான். ஆனால் அதை நம்பியிருந்த பழைய பொதிகள் பல நிறுவப்படாமல் நின்றன.

இயங்குதளப் பொதிகளின் இலக்கம் இன்னும் நீளமானது. உபுண்டு 22.04 உடன் வந்த என்ஜின்எக்ஸ் வலைச் சேவையகத்தின் முழுப் பதிப்பு 1.18.0-6உபுண்டு14. இதில் 1.18.0 மூல மென்பொருளை எழுதியவர்கள் இட்டது. 6 டெபியன் பராமரிப்பாளர்கள் செய்த கட்டமைப்பைக் குறிப்பது. உபுண்டு14 உபுண்டுவினர் அதன்மேல் செய்தது. மூல மென்பொருளின் 1.18.0 வெளிவந்தது 2020 இல் என்பதால் இது பாதுகாப்பற்ற பழையது என்று சிலர் அவசரப்பட்டு முடிவு கட்டுகிறார்கள். பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்பிலேயே பின்னோக்கிச் சேர்ப்பது இவ்வியங்குதளங்களின் வழக்கம். அப்போது முன்பகுதி அப்படியே நிற்க, வால்பகுதி மட்டுமே வளரும். இவற்றின் வயதை வாலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சுருக்கமாக: புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொன்றும் தனி எண். இடப்பக்க எண் மாறினால் கவனம் அதிகம் தேவை. இயங்குதளப் பொதியானால் கோடு வரைக்கும் மட்டும் வாசித்து நிறுத்தக் கூடாது.

இலக்கம் எழுதாவிட்டால் கடைசிப் பதிப்பு வருமா?

வரும் என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. கருவி தருவது, உங்கள் கணினிக்குப் பொருந்தக்கூடியவற்றுள் அது பார்க்கும் களஞ்சியத்தில் இருக்கும் ஆகப் புதியது.

ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 5.0 ஆம் பதிப்புக்குப் பைத்தன் 3.10 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும். 4.2 க்குப் பைத்தன் 3.8 போதும். உபுண்டு 20.04 உடன் வருவது பைத்தன் 3.8, 22.04 உடன் வருவது 3.10. ஆகவே வெள்ளவத்தையில் பழைய மடிக்கணினியில் 20.04 வைத்திருக்கும் ஒரு மாணவியும் பம்பலப்பிட்டியில் 22.04 வைத்திருக்கும் அவருடைய வகுப்புத் தோழரும் ஒரே மாலையில் "பிப் இன்ஸ்டோல் ஜாங்கோ" என்று எழுத்துப் பிசகாமல் ஒரே கட்டளையை இட்டாலும், ஒருவருக்கு 4.2 வரிசையும் மற்றவருக்கு 5 ஆம் வரிசையும் வந்து சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது. பிறகு ஒருவரின் நிரல் மற்றவரிடம் ஓடாதபோது, இருவரும் தத்தம் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆப்டில் இவ்வேறுபாடு இன்னும் வெளிப்படையானது. இலங்கையில் உபுண்டு நிறுவுவோர் பெரும்பாலும் எல்கே என்று தொடங்கும் நாட்டுப் பிரதித் தளத்திலிருந்தே பொதிகளைப் பெறுகிறார்கள். பிரதித் தளம் மூலத் தளத்தோடு ஒத்திசைவாக்கப்படுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கலாம். அத்துடன் "ஆப்ட் அப்டேட்" இட்ட நேரத்தில் இறங்கிய பட்டியலையே ஆப்ட் நம்புகிறது. பல நாட்களாக அதை இடாத கணினிக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதே தெரியாது.

இலக்கத்தை எழுதும் முறை

ஒவ்வொரு கருவிக்கும் குறி வேறு, பொருள் ஒன்று. ஆப்டில் ஒற்றைச் சமன் குறி: "ஆப்ட் இன்ஸ்டோல் என்ஜின்எக்ஸ்=1.18.0-6உபுண்டு14". வால்பகுதி உட்பட முழு இலக்கமும் வேண்டும். பிப்பில் இரட்டைச் சமன் குறி: "பிப் இன்ஸ்டோல் ஜாங்கோ==4.2.11". என்பிஎம்மில் மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறி; லோடாஷ் என்ற பொதிக்கு: "என்பிஎம் இன்ஸ்டோல் லோடாஷ்@4.17.21". விண்டோஸில் விங்கெட் பயன்படுத்துவோர், இரண்டு சிறுகோடுகளோடு வெர்ஷன் என்ற சொல்லை எழுதி, அதன் பின் இலக்கத்தை இடுகிறார்கள்.

எந்தெந்தப் பதிப்புகள் கிடைக்கின்றன என்பதை முதலில் பார்த்துவிட்டு எழுதுவதே நல்ல பழக்கம். "ஆப்ட்-கேஷ் பொலிசி" என்று இட்டுப் பொதியின் பெயரைத் தந்தால், இப்போது நிறுவப்பட்டிருப்பது எது, அடுத்து நிறுவப்படவிருப்பது எது, வேறு எவை உள்ளன என்று மூன்றையும் அது காட்டும். பிப்பில் "பிப் இன்டெக்ஸ் வெர்ஷன்ஸ்", என்பிஎம்மில் "என்பிஎம் வியூ" என்று இட்டுப் பொதியின் பெயரும் "வெர்ஷன்ஸ்" என்ற சொல்லும்.

துல்லியமான ஓர் இலக்கத்துக்குப் பதிலாக ஓர் எல்லையையும் சொல்லலாம். நம்பை என்ற கணிப்புப் பொதியின் 2.0 ஆம் பதிப்பு 2024 ஜூனில் வந்தபோது, பழைய நம்பையை நம்பிக் கட்டப்பட்டிருந்த பொதிகள் பல அதனோடு சேர்ந்து இயங்கவில்லை. 2 க்குக் கீழ்ப்பட்டது போதும் என்று "நம்பை<2" எழுதுவது அப்போது பரவலான தற்காலிகத் தீர்வாக இருந்தது. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. கட்டளையை முதலில் வாசிப்பது பிப் அல்ல. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தில் நம் வரியை வாங்கிப் பிரிக்கும் ஷெல் என்ற நிரல். ஷெல்லுக்குச் சிறியது குறி என்றால் கோப்பிலிருந்து வாசி என்றும், பெரியது குறி என்றால் கோப்பில் எழுது என்றும் பொருள். மேற்கோள் குறி இல்லாமல் "நம்பை<2" என்று இட்டால், 2 என்ற பெயரில் கோப்பு இல்லை என்ற செய்தியாவது வரும். "நம்பை>=1.20" என்று இட்டால் அதுவும் வராது. ஷெல் "=1.20" என்ற விசித்திரமான பெயரில் ஒரு கோப்பை உருவாக்கிச் செய்திகளை அதற்குள் எழுதிவிடும், பிப்புக்குச் சென்று சேர்வது "நம்பை" என்ற வெறும் பெயர் மட்டுமே. நாம் எல்லை வைத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்போம். கருவியோ எல்லையைப் பார்த்ததே இல்லை. எல்லைக் குறிகள் வரும் இடத்தில் முழுவதையும் மேற்கோள் குறிகளுக்குள் எழுதுவதை மாறாத வழக்கமாகக் கொள்ளுங்கள்.

கட்டளை ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது

கருவி பொதியின் விவரக் குறிப்பை எடுத்து அதன் சார்புகளைப் படிக்கிறது. ஒவ்வொரு சார்பும் ஓர் எல்லையோடு எழுதப்பட்டிருக்கும். ஜாங்கோ 4.2 இன் குறிப்பில், ஏஎஸ்ஜிஐரெஃப் என்ற பொதி 3.6.0 இலிருந்து 4 க்குக் கீழ் வரையும், எஸ்கியூஎல்பார்ஸ் என்ற பொதி 0.3.1 உம் அதற்கு மேலும் இருக்கலாம் என்று உள்ளது. நாம் சொன்னது, பொதி சொன்னது, அதன் சார்புகள் சொன்னது ஆகிய எல்லாவற்றையும் ஒருசேர நிறைவுசெய்யும் பதிப்புகளின் கூட்டத்தைக் கருவி தேடுகிறது. இந்தத் தேடலுக்குச் சார்புத் தீர்வு என்று பெயர்.

தீர்வே இல்லாமலும் போகலாம். ஒரு பொதி நம்பை 2 க்குக் கீழ் வேண்டும் என்றும் மற்றொன்று 2 க்கு மேல்தான் வேண்டும் என்றும் கேட்டால், ஒரே சூழலில் ஒரே நம்பையைத்தான் வைக்க முடியும் என்பதால் பிப் மறுத்துவிடும். 2020 நவம்பரில் வந்த பிப் 20.3 க்கு முன்னர் அது இவ்வளவு கண்டிப்பாக இருக்கவில்லை; முதலில் கண்டதை நிறுவிவிட்டு, முரணை எச்சரிக்கையாக மட்டும் சொல்லிப் போய்விடும். இப்போது வரும் மறுப்பைப் பலர் பிப்பின் குறையாகப் பார்க்கிறார்கள். ஓடும்போது உடைய இருந்ததை நிறுவும்போதே சொல்வது பெரிய உதவி என்பதே என் எண்ணம். என்பிஎம் இங்கே வேறு வழியில் செல்கிறது: ஒரே பொதியின் இரண்டு பதிப்புகளை வெவ்வேறு உட்கோப்புறைகளில் அருகருகே வைக்க அதனால் முடியும்.

சுருக்கமாக: நாம் எழுதும் இலக்கம் தேடலுக்கு ஒரு நிபந்தனை. மற்ற நிபந்தனைகளைப் பொதிகளே கொண்டுவருகின்றன. முடிவு இரண்டும் சேர்ந்து பிறக்கிறது.

ஒன்றை இறுக்கினால் எல்லாம் இறுகாது

இப்போது முதலில் சொன்ன தவறான எண்ணத்துக்குத் திரும்பலாம். "ஜாங்கோ==4.2.11" என்று எழுதியவர் ஜாங்கோவை மட்டுமே நிலைநிறுத்தியிருக்கிறார். அதன் கீழே ஏஎஸ்ஜிஐரெஃப் எல்லைக்குள் எதுவாகவும் இருக்கலாம். இன்று ஒன்று, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. எஸ்கியூஎல்பார்ஸுக்கோ மேல் எல்லையே இல்லை.

என்பிஎம்மில் இன்னொரு நுட்பம் உண்டு. லோடாஷின் துல்லியமான இலக்கத்தைக் கட்டளையில் எழுதினாலும், திட்டத்தின் விவரக் கோப்பில் என்பிஎம் அதைக் கூரைக் குறியோடு "^4.17.21" என்றே பதிகிறது. முதல் துண்டு மாறாத வரை புதியது எதுவும் வரலாம் என்பது அதன் பொருள். துல்லியமாகவே பதிய வேண்டுமானால் "சேவ்-எக்ஸாக்ட்" என்ற தெரிவைச் சேர்க்க வேண்டும். இது வெறும் நுணுக்கமல்ல. 2022 ஜனவரியில் கலர்ஸ் என்ற பிரபலமான என்பிஎம் பொதியை எழுதியவரே, முடிவில்லாமல் சுழன்று குப்பை எழுத்துகளை அச்சிடும் பதிப்பொன்றை வேண்டுமென்றே வெளியிட்டார். கடைசித் துண்டு மட்டும் மாறிய இலக்கம் என்பதால், கூரைக் குறியோடு 1.4.0 ஐக் கேட்டிருந்த திட்டங்களுக்குள் அது தடையின்றி நுழைந்தது.

இதற்குரிய தீர்வு பூட்டுக் கோப்பு. சார்புத் தீர்வு முடிந்ததும் கிடைத்த ஒவ்வொரு பொதியின் துல்லியமான பதிப்பையும், அடியில் இருப்பவை உட்பட, எழுதி வைக்கும் கோப்பு அது. என்பிஎம் அதைத் தானே உருவாக்குகிறது. பிறகு "என்பிஎம் சிஐ" என்ற கட்டளை அந்தக் கோப்பில் உள்ளதை மட்டுமே நிறுவும், விவரக் கோப்போடு அது முரண்பட்டால் நின்றுவிடும். பைத்தனில் "பிப் ஃபிரீஸ்" இட்டால் நிறுவப்பட்டிருக்கும் எல்லாப் பொதிகளும் இரட்டைச் சமன் குறியோடு பட்டியலாக வரும். அதைக் கோப்பாகச் சேமித்து மற்றவருக்குத் தரலாம். அந்த மாணவியும் தோழரும் செய்ய வேண்டியிருந்தது இதுதான். அத்தோடு பைத்தன் எந்தப் பதிப்பு என்பதையும் ஒத்துக்கொள்வது.

பட்டியல் தூய்மையாக இருக்க, ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மெய்நிகர் சூழல் வேண்டும். அது திட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே இருக்கும் பொதிகளின் தனி வசிப்பிடம். "பைத்தன்3 -எம் வென்வ்" என்று தொடங்கும் கட்டளை அதை உருவாக்குகிறது. டெபியன் 12 இலும் உபுண்டு 24.04 இலும் சூழலுக்கு வெளியே பிப் மூலம் பொதி நிறுவ முயன்றால் கணினியே தடுத்துவிடும். அந்தத் தடையை மீறும் தெரிவை இணையத்தில் பார்த்து அப்படியே ஒட்டுவோர் பலர். இயங்குதளம் தானே பயன்படுத்தும் பைத்தன் பொதிகளைக் குழப்பிவிடக் கூடியது அது, தவிருங்கள்.

களஞ்சியத்தில் பழையது இல்லாதபோது

பைத்தன், என்பிஎம் களஞ்சியங்கள் பழைய பதிப்புகளைப் பொதுவாக அப்படியே வைத்திருக்கின்றன. உபுண்டுவின் களஞ்சியம் அப்படியல்ல: முதல் வெளியீட்டின்போது இருந்ததும் இப்போதைய ஆகப் புதிய திருத்தமும் இருக்கும், இடையில் வந்துபோனவை அகற்றப்பட்டுவிடும். சென்ற வருடக் குறிப்பேட்டில் எழுதி வைத்த முழு இலக்கத்தை இன்று ஆப்டுக்குத் தந்தால் "கிடைக்கவில்லை" என்று வருவதற்கு இதுவே காரணம். டெபியன் பயன்படுத்துவோருக்கு, அன்றன்றைய நிலையைச் சேமித்து வைக்கும் ஸ்னாப்ஷொட் என்ற தனிக் காப்பகம் உண்டு.

பின்னோக்கிச் செல்லுதலும் பிடித்து நிறுத்துதலும்

பிப்பிடம் பழைய இலக்கத்தைக் கேட்டால், இருப்பதை நீக்கிவிட்டுக் கேட்டதை வைக்கும். ஆப்ட் அவ்வளவு எளிதில் இசையாது. தரம் இறக்கப்படுகிறது என்று எச்சரித்து ஒப்புதல் கேட்கும். எல்லாவற்றுக்கும் ஆம் என்னும் தெரிவோடு இட்டிருந்தால், தரமிறக்க வெளிப்படையாக அனுமதிக்கும் தெரிவும் இல்லாதபோது மறுத்துவிடும். காரணம் நியாயமானது: புதிய பதிப்பு தரவுகளையும் அமைப்புக் கோப்புகளையும் புதிய வடிவத்துக்கு மாற்றியிருந்தால், பழைய பதிப்புக்கு அவற்றை வாசிக்கத் தெரியாமல் போகலாம். தரவுகளைப் பிரதி எடுக்காமல் தரவுத்தள மென்பொருளை ஒருபோதும் தரம் இறக்காதீர்கள்.

ஆப்டில் ஒரு பதிப்பைக் குறிப்பிட்டு நிறுவியதோடு வேலை முடிவதில்லை. அடுத்த முறை "ஆப்ட் அப்கிரேட்" இடும்போது அது புதியதாக மாறிவிடும். நிறுத்தி வைக்க "ஆப்ட்-மார்க் ஹோல்ட்" என்று இட்டுப் பொதியின் பெயரைத் தர வேண்டும். ஆனால் பிடித்து நிறுத்திய பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தமும் வராது. எதற்காக நிறுத்தினோம், எப்போது மீண்டும் பார்ப்போம் என்று திட்டத்தின் குறிப்புக் கோப்பில் ஒரு வரி எழுதாமல் ஹோல்ட் இடுவது, பூட்டிவிட்டுச் சாவியை வைத்த இடத்தை மறப்பதற்குச் சமம்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை 2024 மார்ச்சில் நடந்தது காட்டுகிறது. கோப்புச் சுருக்கத்துக்குப் பயன்படும் எக்ஸ்இசட் பொதியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அனுமதியின்றி உள்ளே நுழைய வழிவிடும் இரகசியப் பின்கதவொன்று நுழைக்கப்பட்டிருந்ததை அன்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்து அறிவித்தார். டெபியனின் நிலைத்த வெளியீட்டில் அப்பதிப்புகள் இல்லை; சோதனைக் கிளைகளில் இருந்தன. அங்கிருந்தவர்களை உடனே பழைய 5.4.5 க்குத் திருப்ப வேண்டும், ஆனால் ஆப்ட் தானாகத் தரம் இறக்காது. ஆகவே பராமரிப்பாளர்கள் பழைய 5.4.5 ஐயே "5.6.1+ரியலி5.4.5-1" என்ற இலக்கத்தோடு வெளியிட்டார்கள். ஒப்பீட்டு விதிப்படி அது 5.6.1 ஐ விடப் பெரியது என்பதால், வழக்கமான மேம்படுத்தல் கட்டளையே பின்கதவில்லாத பழைய நிரலைக் கொண்டுவந்து வைத்தது. அப்பொதியை ஹோல்டில் வைத்திருந்த கணினிக்கு மட்டும் இந்த மீட்பு தானாக வந்து சேராது. அங்கே முதலில் "ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்" இட்டு எவை நிறுத்தப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, "ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட்" மூலம் உரியதை விடுவித்து, அதன் பிறகே மேம்படுத்த வேண்டும்.